கலர் சேறாகிப் போச்சா, காகிதம் சுருண்டுகிச்சா? சின்னப் பிள்ளைகளின் கைவேலையில் வரும் கோளாறுகளைச் சரிசெய்வது

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குச் சனிக்கிழமைதோறும் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். படம் வரைவார்கள், மண் பிசைவார்கள், வெட்டி ஒட்டுவார்கள். 2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த மூன்று வகுப்புகளிலும் கைவேலை கூடியிருப்பதால், பள்ளியில் செய்து பாதியில் கெட்டுப்போனதையும் சில பிள்ளைகள் கையோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் சொல்லும் புகார்களைத்தான் தலைப்பாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்தப் புகார் கேட்கிறதோ நேராக அதற்குப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். படம் கெட்டால் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்தப் போகாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள், அடுத்து காகிதம், அப்புறம் காயவிட்ட நேரம், அப்புறம் கருவி. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நாலில் அடங்கிவிட்டன. நாலுமே பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கிறவை.

“எந்தக் கலர் போட்டாலும் சேறாவுது, அக்கா”

முதல் பத்து நிமிடம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் பழுப்பு. தண்ணீர் டம்ளரை எட்டிப் பாருங்கள். நாலு பிள்ளைகளுக்கு ஒரே டம்ளர் வைத்திருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கிண்ணம், பக்கத்தில் ஒரு பழைய பனியன் துணி. முதல் கிண்ணத்தில் பிரஷ்ஷை அலசி, துணியில் துடைத்து, இரண்டாவதில் நனைத்துக்கொண்டுதான் அடுத்த நிறத்தைத் தொடணும். “குளி, துவட்டு, அப்புறம் புதுச் சட்டை” என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரமே ஒருவரையொருவர் “துவட்டினியா?” என்று அதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் சேறானால், தட்டில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணுங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒன்றில் விழுந்தால் பழுப்புதான் வரும். பன்னிரண்டு நிற டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு அதைத் தடுக்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டே நிறம் கொடுங்கள்: ஒரு வாரம் மஞ்சளும் நீலமும், மறுவாரம் மஞ்சளும் சிவப்பும். வெளிர் நிறத்தை முதலில் எடுத்து, அடர் நிறத்தைக் கடுகளவு கடுகளவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் அரைப் புட்டி மஞ்சள் போன பிறகும் நல்ல பச்சை வராது. மஞ்சளில் ஒரு துளி நீலம் விட்டால் மாந்தளிர்ப் பச்சை உடனே வந்து நிற்கும். அந்த நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கணும்.

ஊதா வராமல் அழுக்காக வருகிறதென்றால் சிவப்பு மாற வேண்டும். டப்பாவில் இருப்பது பெரும்பாலும் மிளகாய்ப்பழச் சிவப்பு. அதற்குள் மஞ்சள் சாயல் இருக்கிறது, நீலத்தோடு சேர்ந்ததும் மறுபடி மூன்றும் கூடிவிடுகின்றன. ரோஸ் கலரையோ கிரிம்சனையோ வைத்து நீலம் சேர்த்தால் கத்திரிக்காய் நிறம் சுத்தமாகக் கிடைக்கும்.

சேறான வண்ணத்தைக் கொட்டிவிடாதீர்கள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டிலிருந்து வருகிற ஒரு பையன் தட்டில் மிஞ்சிய பழுப்புப் பச்சையைப் பார்த்து, “இது ஹார்பர் தண்ணி கலரு” என்றான். சரிதான், படகுகள் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் கடல் நீலமாக இல்லை. அதை ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறோம். படகு வரைகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

“பேப்பர் அப்பளம் மாதிரி சுருண்டுக்குது”

ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). பேனாவுக்கும் கிரேயானுக்கும் போதும், தண்ணீர் தாங்காது. நனைந்த பக்கத்து இழைகள் உப்பி விரிகின்றன, நனையாத பக்கம் அப்படியே நிற்கிறது, அதனால் சுருள்கிறது. வாட்டர் கலருக்கு 150 ஜிஎஸ்எம்முக்கு மேல் கெட்டியான தாள் வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் வெட்டி மிஞ்சிய அட்டைத் துண்டுகள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தால் வண்ணம் திரண்டு திரண்டு ஓடும், மறுபக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

மெல்லிய தாள்தான் இருக்கிறதென்றால் நாலு ஓரத்தையும் பரீட்சை அட்டையில் டேப் போட்டு ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள். ஏற்கெனவே சுருண்டதை, முதுகுப் பக்கம் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, இரண்டு செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் காலையில் படிந்திருக்கும். தாள் நூல் நூலாகப் பிய்கிறதா? ஈரமாக இருக்கும்போதே ஒரே இடத்தில் தேய்த்திருக்கிறார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு வானத்துக்கோ தரைக்கோ போகச் சொல்லுங்கள்.

“மெழுகு மேலயும் கலர் ஒட்டிக்கிச்சு”

வெள்ளை கிரேயானால் வரைந்து மேலே நீலம் பூசினால் படம் வெளிவர வேண்டும். வராவிட்டால் இரண்டே காரணம். கிரேயானை அழுத்தித் தேய்க்கவில்லை, அல்லது வண்ணம் கெட்டியாக இருக்கிறது. போஸ்டர் கலர் மெழுகையும் மூடிவிடும். டீத் தண்ணீர் மாதிரி நீர்த்த வாட்டர் கலரை, பெரிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் பூசணும்.

“மீன் அச்சு, வெறும் கறையா வருது”

இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியாது. ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டில் மீனவர்கள் தாங்கள் பிடித்த மீனின் அளவைப் பதிந்து வைக்க, மீன் மேலேயே மை பூசிக் காகிதத்தில் ஒற்றினார்கள். கியோடாக்கு என்று பெயர். அதையே போஸ்டர் கலரால் செய்கிறோம்.

மீன் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். விரலால் தடவினால் செதில் நெருடணும். சங்கரா அருமையாக வரும். வஞ்சிரம் வழவழவென்று இருப்பதால் அச்சில் ஒன்றும் தெரியாது, வௌவால் மீனின் செதிலும் பொடி. செதில் உரிக்காத, வயிறு கீறாத முழு மீனாகக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வரத்து குறைந்து விலை ஏறிவிடும், ஆகவே கோடை விடுமுறைக்கு இதைத் திட்டமிட வேண்டாம்.

அச்சு முழுக்க ஒரே கறையாக வந்தால் மீன் மேல் வழவழப்பு போகவில்லை. கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். செவுளிலும் ஆசனவாயிலும் பஞ்சு அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அழுத்தும்போது நீர் கசிந்து தாளை நனைத்துவிடும். அதற்கு மேலும் கறையானால் வண்ணம் அதிகம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் சிறு துண்டு வெட்டி, அதில் வண்ணம் தொட்டு, வேறு தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு மீனில் தடவுங்கள். தலையிலிருந்து வாலுக்கு ஒரு தடவை, வாலிலிருந்து தலைக்கு ஒரு தடவை. எதிர்த்திசையில் தடவும்போது செதிலின் ஓரங்கள் நிமிர்ந்து வண்ணம் வாங்கும்.

நடுவில் மட்டும் படிந்து ஓரம் வெள்ளையாக வந்தால் தாள் கெட்டி. சார்ட் பேப்பர் மீனின் வளைவுக்கு வளையாது. அச்சடிக்காத நியூஸ் பிரிண்ட் தாளோ பட்டம் விடுகிற தாளோ போதும். துடுப்பும் வாலும் விழவில்லையென்றால் அவை பள்ளத்தில் கிடக்கின்றன, அடியில் களிமண் திண்டு வைத்து உடம்பின் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். உருவம் இரட்டையாகத் தெரிந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. ஒருவர் தாளைப் பிடிக்க, இன்னொருவர் விரல் நுனியால் அழுத்தணும். தேய்க்கக் கூடாது, சப்பாத்தி மாவை ஒற்றுகிற மாதிரி. கண்ணில் வண்ணம் பூசாமல் விட்டு, காய்ந்த பிறகு பிரஷ்ஷால் வரையச் சொல்லுங்கள். அப்போதுதான் மீன் விழித்துப் பார்க்கும்.

முதல் அச்சு எப்போதும் சுமார்தான். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், மீதி ஈரத்தை அது இழுத்துக்கொண்டு போகிறது, இரண்டாவதும் மூன்றாவதும்தான் தெளிவாக விழும். ஒரு சிறுமி மூன்றாவது தாளை உரித்து எடுத்ததும் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். நூற்றுக்கு மேல் அவளுக்கு எண் தெரியாது. நூறு வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினாள்.

வண்ணம் பூசிய மீன் குழம்புக்கு ஆகாது, பூனைக்கும் வேண்டாம். செடித்தொட்டியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

“இலையோட நரம்பே விழல”

இலையின் முதுகில் பூசணும், அங்கேதான் நரம்பு புடைத்திருக்கும். பூவரசு, அரசு, ஆமணக்கு நன்றாக வரும். வேப்பிலை சின்னது, ஆறு வயது விரலுக்குச் சிரமம். வெண்டைக்காயை வெட்டி அச்சு வைப்பதென்றால் வெட்டிய வாயைத் துடைத்து அரைமணி நேரம் காயவிடுங்கள். வெட்டின கையோடு ஒற்றினால் கொழகொழப்பில் பூ வடிவம் கலைந்துவிடும்.

“காயவே இல்ல, நாத்தம் வருது”

பலூன் மேல் காகிதம் ஒட்டிச் செய்கிற முகமூடிகளும் உண்டியல்களும் கடலோரத்தில் படுகிற பாடு இது. மூன்று நாளாகியும் தொட்டால் சில்லென்று இருக்கும், அப்புறம் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

எத்தனை அடுக்கு ஒட்டினார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் ஐந்தாறு அடுக்கு போட்டால் மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு, மறுநாள் முழுக்கக் காயவிடணும், அதற்குப் பிறகு அடுத்த இரண்டு. துண்டுகளைப் பசையில் முக்கி எடுத்ததும் இரண்டு விரலுக்கு நடுவில் வழித்துவிடணும். எந்த வேளையில் காயவைக்கிறோம் என்பதும் முக்கியம். கோடையில் காலைக் காற்று உலர்ந்து இருக்கும். மதியத்தில் கடற்காற்று உள்ளே திரும்பியதும் ஈரம் ஏறிவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டியதை இரவு மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஞாயிறு காலையில் மாடியில் நிழலாகப் பார்த்து வைக்கிறோம். வெயிலில் வைத்தால் பலூன் விரிந்து வெடிக்கும், குளிர்ந்தால் பலூன் சுருங்கிக் காகித ஓட்டையும் உள்ளே இழுத்துவிடும். பலூனுக்குப் பதிலாக ஒரு சொம்பையோ கிண்ணத்தையோ கவிழ்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல் ஒட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நான் இதைத் தொடுவதில்லை. மழைக்காலத்துக்குக் காகித மடிப்பும் கிரேயானும் இருக்கின்றன.

பசை விஷயத்தில் கவனம். ஒரு பங்கு மைதாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் ஊற்றிக் கட்டி தட்டாமல் காய்ச்சினால் போதும், அன்றன்றைக்குக் காய்ச்சணும். சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடமோ பைண்டிங் கடையிலோ பசை வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது விஷம், இந்த வயதில் விரல் வாய்க்குப் போகும். பூஞ்சை பிடித்துவிட்ட பொம்மையைத் துடைத்து வண்ணம் பூசிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தொடங்கலாம். பிள்ளை அழுதால் சேர்ந்து உட்கார்ந்து முதல் அடுக்கை நீங்களும் ஒட்டுங்கள்.

“யானை காது உடைஞ்சி வுழுந்துடுச்சி”

களிமண்ணில் காதைச் சும்மா ஒட்டவைத்தால் நிற்காது. இரண்டு பக்கத்தையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்த சேற்றைத் தடவி, அழுத்தி, விளிம்பை விரலால் இழைத்துவிடணும். வெடிப்பு வேறு கதை: வேகமாகக் காய்ந்திருக்கிறது. மெல்லிய காதும் வாலும் முதலில் சுருங்கும், பருத்த வயிறு பின்தங்கும், அந்த இழுபறியில் மண் பிளக்கும். முதல் நாள் ஈரத்துணி போர்த்தி, இரண்டாம் நாள் நிழலில் திறந்து வையுங்கள். கொசப்பேட்டையில் விநாயகரும் கொலு பொம்மையும் செய்கிறவர்களிடம் பக்குவமாகப் பிசைந்த மண் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்து மண்ணைத் தோண்டி எடுத்தால் கல்லும் வேருமாக இருக்கும், அதுவும் வெடிப்புக்கு ஒரு காரணம்.

காய்ந்த பிறகு யானை மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. மண் காயும்போது தண்ணீர் ஆவியாகி உப்பு வெளியே தங்கிவிடுகிறது. குடிக்கிற தண்ணீரில் பிசைந்தால் வராது. வந்துவிட்டதென்றால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு வண்ணம் பூசலாம்.

“கம்மு ஒட்டவே மாட்டேங்குது”

பெரும்பாலும் ஃபெவிகால் அதிகமாகிவிடுகிறது. புட்டியைப் பிள்ளை கையில் கொடுக்காமல், பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி ஐஸ் குச்சியால் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். தடவியதும் இருபது எண்ணும்வரை அழுத்தணும். கொட்டாங்கச்சி, பிளாஸ்டிக் பாட்டில் போன்ற வழவழப்பான பொருளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஒட்டும். அவற்றின் மேல் பூசிய போஸ்டர் கலர் உதிர்கிறதென்றாலும் அதே வைத்தியம்தான், வண்ணத்தில் சிறிது ஃபெவிகாலையும் கலந்துகொள்ளுங்கள். தெர்மாகோலில் ரப்பர் பசை படக்கூடாது, கரைத்துக் குழி போட்டுவிடும்.

கிளிஞ்சல் ஒட்டாவிட்டால் உள்ளே மணலும் உப்பும் இருக்கிறது. இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய தாளில் அல்லாமல் அட்டையில் ஒட்டுங்கள். கறுப்பாகப் பிசுக்கு இருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பெரியவர்களே துடைத்துச் சோப்பு போட்டுக் கழுவணும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்தது. அதிலிருந்து நான் முகத்துவாரத்துப் பக்கம் பிள்ளைகளைப் பொறுக்க அழைத்துப் போவதில்லை. உள்ளே உயிர் இருக்கிற சங்கைத் திரும்பக் கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

“கத்தரிக்கோல் வெட்டாம மெல்லுது”

கட்டைவிரல் மேலே பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். கை திருகிக் கீழே பார்த்தால் தாள் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கும். வளைவை வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பக் கூடாது, தாளைத் திருப்பணும். அலகில் பசை ஒட்டியிருந்தால் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மழுங்கியிருந்தால் உப்புத்தாளைப் பத்துத் தடவை வெட்டினால் ஓரளவு கூர் வரும்.

இவ்வளவு பார்த்தும் ஒரே பிள்ளைக்கு மட்டும் வெட்டவில்லையென்றால், அந்தப் பிள்ளை எந்தக் கையால் சாக்பீஸ் எடுக்கிறது என்று கவனியுங்கள். வலது கைக்குச் செய்த கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் விரல்கள் அலகுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கித் தள்ளும். ஒரு பையனை வீட்டில் ஆயா (பாட்டி) “பீச்சாங்கையால பிடிக்காத” என்று அதட்டி அதட்டி, அவன் வெட்டுகிற வேலை வந்தாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இடது கைக்கென்று தனியாகக் கத்தரிக்கோல் விற்கிறது. ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஆயாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவன் நட்சத்திரத்தை ஒரே மூச்சில் வெட்டி முடித்ததை அவரே பார்த்தார். கையை மாற்றச் சொல்லாதீர்கள். தயவுசெய்து.

“வானம் மேல ஒரு கோடு மட்டும், நடுவுல ஒண்ணுமே இல்ல”

இந்தப் புகார் பிள்ளைகளிடமிருந்து வராது, பெற்றோரிடமிருந்துதான் வரும். கீழே பச்சைக் கோடு, மேலே நீலக் கோடு, நடுவில் வெள்ளை. மனிதன் வீட்டைவிட உயரம். சுவருக்குள் இருக்கிற கட்டில் வெளியே தெரிகிறது. இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்டு 1947இலேயே இதை வளர்ச்சியின் ஒரு கட்டமாக எழுதிவைத்தார். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். முக்கியமானது பெரிதாகும், உள்ளே இருப்பது வெளியே தெரியும்.

ஹார்பர் தண்ணி என்று சொன்ன அதே பையன் ஒரு நாள் ஃபைபர் படகு வரைந்தான். பலகைக்கு ஊடாக எல்லாம் தெரிந்தது: ஐஸ் பெட்டி, அதற்குள் எட்டு மீன், சுருட்டிய வலை, ஒரு சோற்றுத் தூக்கு. தூக்குக்குள் இரண்டு முட்டை. “அப்பாவுக்கு ஒண்ணு, சித்தப்பாவுக்கு ஒண்ணு.” அந்தப் படத்தில் படகின் பலகையை முறையாகப் பூசி மூடச் சொல்லியிருந்தால் அந்த முட்டைகள் போயிருக்கும்.

“எனக்கு வரையத் தெரியாது”

தாள் வெறுமையாக இருக்கிறது, பிள்ளை பென்சிலைக் கடிக்கிறது. நீங்கள் முன்மாதிரி என்று ஏதாவது அழகாக வரைந்து மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிள்ளையின் தாளில் நீங்கள் ஒரு கோடும் போடாதீர்கள். “மயில் வரைந்து கொடு” என்று கெஞ்சினாலும் மறுத்துவிட்டு, மயிலின் கழுத்து நீளமா குட்டையா, கால் எத்தனை, அது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அதற்கும் அசையாவிட்டால் வெற்றுத் தாளை எடுத்துவிட்டு, ஏதாவது ஒரு வெட்டுத் துண்டை ஒட்டிய தாளைக் கொடுங்கள். வெள்ளையைக் கண்டுதான் பயம், பாதி நிறைந்த தாளைக் கண்டு பயமில்லை.

புதிதாக வந்த ஒரு சிறுமி மூன்று வாரம் எதையும் தொடவில்லை. நாலாவது வாரம், ஓரம் சாய்வாக வெட்டுப்பட்ட ஒரு மஞ்சள் அட்டைத் துண்டை ஒட்டி அவள் முன்னால் வைத்துவிட்டு நான் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது துண்டுக்குக் கீழே முன்பக்கம் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். மீன்பாடி வண்டி. மேலே குவியலாக ஏதோ சிவப்பாகக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன ஏற்றியிருக்கே என்று கேட்டேன். “இரு அக்கா, இன்னும் ஏத்திட்டிருக்காங்க” என்றாள்.